'மாட்டன்' எண்டு ஸ்பானிஷில் எப்பிடிச் சொல்லுறது?

மறுப்புக்கு ஸ்பானிஷில் எந்தச் சொல் சரி என்று இணைய அகராதியிடம் கேட்டால் அது ஒரு பட்டியலைத் தூக்கித் தரும். நெகார், நெகார்சே, ரெச்சசார், தெனெகார், ரெஉசார், தெக்லினார், ரெனுன்சியார். தமிழுக்குக் கொண்டுவரும்போது இந்த ஏழையும் 'மறுத்தல்', 'நிராகரித்தல்' என்ற இரண்டு சாக்குகளுக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். இது சரியில்லை என்பதுதான் எங்கள் வாதம். இந்தச் சொற்களைப் பிரிப்பது ஆட்கள். கேட்டவர் யார், மறுத்தவர் யார், இரண்டு பேரில் எவர் கையில் திறப்பு இருக்கிறது? இதைப் பார்க்காமல் சொல்லைத் தெரிந்தால், மறுத்தவரையும் மறுக்கப்பட்டவரையும் இடம் மாற்றிப் போட்டுவிடுவோம்.

எங்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். லத்தீன் அமெரிக்க எழுத்து தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்தது. படங்களையும் ஆங்கில எழுத்தோட்டத்தோடுதான் பார்க்கிறோம். அந்தக் கண்டத்து மனிதர்கள் சர்வாதிகாரிக்கும் முதலாளிக்கும் பாதிரியாருக்கும் சொன்ன மறுப்புகள் எங்களை மிகவும் ஈர்த்தவை. அப்படியிருக்க, அந்த மறுப்பின் உறைப்பு இரண்டு மொழி தாண்டி வரும்போது நீர்த்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

முதலில் 'நோ' என்ற சின்னச் சொல்லைப் பார்ப்போம். ஸ்பானிஷில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். 'தேத்தண்ணி வேணுமோ?' என்றாலும் நோ. 'அப்பா வீட்டில நிக்கிறாரோ?' என்றாலும் நோ. 'நீ வருவியோ?' என்றாலும் நோ. 'இதில வாகனம் விடலாமோ?' என்றாலும் நோ. எங்களுக்கு நாலு கேள்விக்கும் நாலு பதில்: வேண்டாம், இல்லை, மாட்டன், ஏலாது. ஸ்பானியர் ஒருவர் 'நோ' என்று சொன்னால் அதைத் தமிழாக்குகிறவர் உடனே ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒரு உண்மையைச் சொல்கிறாரா, தன் விருப்பத்தைச் சொல்கிறாரா, தன் உறுதியைச் சொல்கிறாரா? இந்த ஒரு விஷயத்தில் தமிழ் ஸ்பானிஷை விட நுணுக்கமானது. பெருமைக்குச் சொல்லவில்லை, வேலைக்கு உதவும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஸ்பானிஷ் தன் நுணுக்கத்தை வினைச்சொற்களில் வைத்திருக்கிறது. 'நெகோ' என்றால் ஒரு விஷயம் நடக்கவில்லை என்று சொன்னார். முன்னால் 'சே' என்று ஓரெழுத்தை ஒட்டி 'சே நெகோ' என்றால் ஒன்றைச் செய்யமாட்டேன் என்று நின்றார். கையெழுத்துப் போட்டதை மறுத்தவர் ஒருவர், கையெழுத்துப் போட மறுத்தவர் இன்னொருவர். முதலாமவர் பொய் சொல்லியிருக்கலாம். இரண்டாமவர் அதன் விளைவை ஏற்கத் துணிந்து நிற்கிறார். தமிழில் இரண்டுக்கும் 'மறுத்தார்'தான். 'போட்டதை', 'போட' என்ற முன்சொல்தான் வித்தியாசத்தைக் காட்டுகிறது. செய்தித் தலைப்பொன்றை இறுக்கிச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்த முன்சொல்தான். விசாரணை, வாக்குமூலம், தடுப்புக்காவல் பற்றிய செய்தியில் இப்படி ஒரு சொல் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கு இதைவிடப் பிடித்தது 'நோ கிசோ' என்ற பிரயோகம். 'கெரேர்' என்றால் விரும்புதல். 'நோ கெரியா' என்றால் அவருக்கு விருப்பமில்லாமல் இருந்தது, ஆனாலும் செய்திருக்கலாம். 'நோ கிசோ' என்று முடிந்த காலத்தில் சொன்னால், விருப்பமின்மை ஒரு செயலாகிவிடுகிறது. செய்யமாட்டேன் என்று நின்றுவிட்டார் என்று பொருள் வரும். இதை 'அவர் விரும்பவில்லை' என்று மொழிபெயர்த்தால் நின்ற மனிதரை நாங்களே கதிரையில் இருத்திவிடுகிறோம். எழுத்துத் தமிழில் இதற்குச் சரியான ஒன்று தேடி அலைய வேண்டும். பேச்சில் அது தயாராகவே இருக்கிறது: 'மாட்டன் எண்டிட்டார்.' எவ்வளவு சுருக்கம். மொழிபெயர்ப்பில் பேச்சுத் தமிழ் வந்தால் மூக்கைச் சுளிக்கிறவர்கள் இந்த ஒரு இடத்திலாவது இரங்க வேண்டும்.

பணிவான மறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'தெக்லினார்' அழைப்பிதழுக்கும் பதவிக்கும் உரியது. உடுப்பு மடிப்புக் கலையாமல் மறுப்பது. 'ரெஉசார்' கொஞ்சம் புத்தகவாடை அடிக்கும் சொல். குதிரையோட்டப் போட்டியில் தடையைத் தாண்டாமல் குதிரை சடாரென்று நின்றுவிடுவதற்கு இதே வேரிலிருந்துதான் பெயர். அந்தப் படம் மனதில் இருந்தால் சொல்லை மறக்கமாட்டீர்கள். 'ரெனுன்சியார்' தன்னிடம் இருப்பதைத் தானே விடுவது: பதவி, உரிமை, சொத்து. மெக்சிக்கோவில் 'அஒரித்தா' என்று ஒரு சொல் இருக்கிறது. 'இப்பவே' என்பதன் செல்லவடிவம். ஆனால் அது இப்பவாகவும் இருக்கலாம், பின்னேரமாகவும் இருக்கலாம், ஒருநாளும் நடக்காததாகவும் இருக்கலாம். எங்கட 'பாப்பம்' மாதிரி. 'பாப்பம்' என்று சொன்னவரிடம் இரண்டாம் தரம் போய்க் கேட்கக்கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

இனி, கதவின் மறுபக்கத்தில் நிற்பவர்களின் சொற்கள். 'தெனெகார்' அதிகாரியின் சொல். ஒருவர் மனுக் கொடுக்கிறார், அலுவலகம் மறுக்கிறது: விசா, புகலிடம், பிணை. சாதாரண மனிதர் தன் மேலதிகாரியின் கட்டளையைத் 'தெனெகார்' செய்ய முடியாது. சொல் அந்தத் திசையில் போகாது. 'ரெச்சசார்' இன்னும் பழைய உடம்புள்ள சொல். துரத்திப் பின்னுக்குத் தள்ளுவது என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எதிரிப் படையைத் திருப்பி அடிப்பதற்கும் இதுதான், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் விடுவதற்கும் இதுதான், காதலை ஏற்காததற்கும் இதுதான். யோசனையை நிராகரிப்பது அந்தச் சொல்லின் மிக மென்மையான வேலை.

இந்தச் சொல்லை ஒரு அரசு எப்படித் தெரிந்தெடுத்தது என்று பாருங்கள். ஆபிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான இரண்டு நகரங்கள் இருக்கின்றன, செயுத்தாவும் மெலில்யாவும். மொரோக்கோவிலிருந்து அவற்றைப் பிரிப்பது உயரமான கம்பிவேலி. வேலியில் ஏறி இறங்கியவர்களைக் காவற்படையினர் அதே இடத்தில் பிடித்து, பெயர் கேட்காமல், சட்டத்தரணி இல்லாமல், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், வேலியிலுள்ள கதவு வழியாக மொரோக்கோப் பக்கம் தள்ளிவிடுவது வழக்கம். மனித உரிமையாளர் இதற்கு வைத்த பெயர் 'தெவொலுசியோன் என் காலியெந்தே'. சூட்டோடு சூடாகத் திருப்பி அனுப்புவது என்று எங்கள் மொழிக்கு அப்படியே வந்துவிடும். ஆனால் 'தெவொலுசியோன்' ஸ்பெயினின் குடிவரவுச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த சொல். அதற்கு ஒரு நடைமுறை உண்டு. திருப்பி அனுப்பப்படுபவருக்கு அதில் உரிமைகள் உண்டு. ஆகவே 2015ல் நிறைவேற்றிய சட்டத்தில் அரசு வேறொரு பெயரை எழுதியது: 'ரெச்சாசோ என் ஃபுரொந்தேரா', எல்லையில் மறுத்தல். திருப்பி அனுப்புவது என்றால் ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகும். மறுத்தல் என்றால் அவர் வரவே இல்லை. வேலியின் இந்தப் பக்கம் இறங்கி நின்ற மனிதரின் கால் பட்ட மண்ணை ஒரு சொல் அழித்துவிட்டது.

2014 ஆகஸ்ட் 13ல் மெலில்யாவில் இப்படித் தள்ளப்பட்ட இருவர், ஒருவர் மாலிக்காரர், மற்றவர் ஐவரி கோஸ்ட்காரர், ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2020 பெப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் பேரமர்வு அதைப் புரட்டி, ஸ்பெயின் விதியை மீறவில்லை என்றது. சட்டபூர்வமான வழிகள் இருந்தும் அவர்கள் அவற்றைப் பயன்படுத்தாமல் கூட்டமாக வேலியேறினார்கள் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நாங்கள் ஏற்கவில்லை. 'ரெச்சாசோ' என்ற இந்தச் சட்டச் சொல்லைத் தமிழில் 'நிராகரிப்பு' என்று எழுதுவதையும் ஏற்கவில்லை. நிராகரிப்பு என்றால் ஒரு விண்ணப்பம் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே எவரும் எதையும் வாசிக்கவில்லை. 'எல்லையில் பிடித்துத் தள்ளல்' என்று எழுதுவோம். அரசுக்குப் பிடிக்காது, சொல்லின் வேருக்குப் பிடிக்கும்.

இதே ரெச்சாசோ, சிலியில் வாக்குச்சீட்டில் வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஒரே நாடு, மூன்று வாக்கெடுப்பு, எதிர்ப்புக்கு மூன்று வெவ்வேறு சொற்கள்.

முதலாவது 1988 ஒக்டோபர் 5. 1973ல் இராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பினோசே இன்னும் 8 ஆண்டு இருக்கலாமா என்ற கேள்வி. வாக்குச்சீட்டில் அவருடைய பெயர், கீழே 'சி', 'நோ' என்று இரண்டு தெரிவு. எதிரணிக்குத் தொலைக்காட்சியில் இரவு பிந்திய நேரத்தில் 15 நிமிடம் கிடைத்தது. காணாமல் போனோரையும் சித்திரவதையையும் மட்டுமே காட்டியிருந்தால் சனம் பயந்து வீட்டுக்குள் இருந்திருக்கும் என்று பிரசாரக்காரர் கணக்குப் போட்டார்கள். அவற்றையும் காட்டினார்கள், ஆனால் வானவில்லைச் சின்னமாக்கி, சிரிப்பும் பாட்டும் ஆட்டமுமாக 'நோ'வைச் சந்தோசமான சொல்லாக்கினார்கள். ஏறத்தாழ 56 வீதம் நோ. 1990 மார்ச்சில் பத்ரீசியோ அய்ல்வின் ஜனாதிபதியானார். பாப்லோ லரைன் 2012ல் எடுத்த 'நோ' படம் இந்தப் பிரசாரத்தைப் பற்றியதுதான். அக்காலத்துத் தொலைக்காட்சிக் கமராக்களிலேயே படமாக்கியதால் பழைய காட்சியும் புதிய காட்சியும் ஒன்றோடொன்று கரைந்துபோகும். பார்க்காதவர்கள் பாருங்கள். விளம்பரக்காரர்தான் சர்வாதிகாரியை வீழ்த்தினார்கள் என்ற தோற்றத்தைப் படம் தருகிறது. வீடுவீடாகப் போய் வாக்காளரைப் பதியவைத்தவர்களுக்கு அதில் இடம் போதவில்லை என்பது எங்கள் குறை.

அந்தப் படத்தின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? 'இல்லை' என்று எழுதினால் தவறு. 'இல்லை' என்பது ஒரு தகவல். சீட்டில் இருந்தது தகவற் கேள்வி அல்ல, ஒரு மனிதரின் பெயர். ஒரு ஆளைக் காட்டி 'இவர்?' என்று கேட்டால் தமிழில் வாயில் வரும் சொல் 'வேண்டாம்'. அதில் கோபமும் இருக்கலாம், களைப்பும் இருக்கலாம், சிரிப்பும் இருக்கலாம். முக்கியமாக, கேட்கப்பட்டவருக்குத் தெரிவு செய்யும் உரிமை இருக்கிறது என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. 15 ஆண்டுகள் எவரும் விருப்பம் கேட்காத சனத்துக்கு அது பெரிய விஷயம்.

இரண்டாவது 2022 செப்ரெம்பர் 4. பினோசே காலத்து 1980 அரசியலமைப்பை மாற்றி எழுத வேண்டும் என்று 2020ல் 78 வீதமானோர் சொன்னார்கள். எழுதப்பட்ட வரைவு 388 உறுப்புரைகளோடு வந்தது, பெரும்பாலும் இடதுசாரிகளும் சுயேச்சைகளும் எழுதியது. தெரிவுகள்: 'அப்ருவேபோ', 'ரெச்சாசோ'. ஏறத்தாழ 62 வீதம் ரெச்சாசோ. இலக்கணத்தில் இது ஒரு வேடிக்கையான சொல். 'நான் மறுக்கிறேன்' என்ற தன்மை வினையும் அதுதான், 'மறுப்பு' என்ற பெயர்ச்சொல்லும் அதுதான். வாக்காளர் பேசுகிறாரா, சுவரொட்டி பேசுகிறதா என்று பிரிக்கத் தெரியாது. வாக்கெடுப்பு முடியுமுன்பே அது ஒரு முகாமின் பெயராகிவிட்டது.

மூன்றாவது 2023 டிசெம்பர் 17. இம்முறை வரைவை எழுதிய சபையில் வலதுசாரிகள் பெரும்பான்மை. சீட்டில் ரெச்சாசோ இல்லை. 'ஆ ஃபவோர்', 'என் கோந்த்ரா': ஆதரவு, எதிர். கிட்டத்தட்ட 56 வீதம் எதிர். கடந்த முறை மறுத்த முகாம் இம்முறை ஆதரவு கேட்டது, கடந்த முறை ஆதரித்த முகாம் எதிர்த்தது. 'சிலி மக்கள் புதிய அரசியலமைப்பை மீண்டும் நிராகரித்தனர்' என்று தமிழில் ஒரு வரியில் எழுதினால், பிடிவாதக்காரச் சனம் ஒன்று ஒரே பொருளை இரண்டு தரம் வீசியெறிந்தது போல இருக்கும். உண்மையில் வீசப்பட்டவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். மிஞ்சியது எவரும் விரும்பிக் கேட்காத பழைய 1980 சாசனம், பல திருத்தங்களோடு. பிழையான அரசியல் வாசிப்புக்கு ஒரு சொல் போதும்.

சொல்லே வராத மறுப்பும் உண்டு. 2016 ஜூலையில் பம்ப்லோனா நகரத்துத் திருவிழாவில், தங்களை 'லா மனாதா' என்று அழைத்துக்கொண்ட ஐந்து ஆண்கள் ஒரு இளம்பெண்ணைக் கூட்டாக வல்லுறவு செய்தார்கள். 2018 ஏப்ரலில் நவார்ரா நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. ஆனால் வன்முறையோ மிரட்டலோ இருந்ததாகக் கொள்ளாமல், குறைந்த குற்றமான பாலியல் துஷ்பிரயோகம் என்று 9 ஆண்டு கொடுத்தது. அந்தப் பெண் உறைந்துபோய் நின்றது அவ்வளவு நாளும் பெரிய விவாதமாயிருந்தது. ஸ்பெயின் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 2019 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை வல்லுறவு என்று மாற்றி 15 ஆண்டு விதித்தது. அதுவரை ஊர்வலங்களில் ஒலித்த 'நோ எஸ் நோ', 'வேண்டாம் என்றால் வேண்டாம்', போதாது என்று பலருக்கு விளங்கியது. அந்தக் கோஷம் சொல்லைத் தேடித் தெரிந்து, உரத்துச் சொல்லும் பாரத்தை மறுபடியும் அவளிடமே வைக்கிறது. 2022ன் சட்டம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. சம்மதம் சுதந்திரமாகவும் தெளிவாகவும் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்றது. சனம் அதை 'ஆம் என்பது மட்டுமே ஆம்' சட்டம் என்றுதான் கூப்பிடுகிறது. தண்டனை அளவுகளில் வந்த சிக்கலால் 2023ல் திருத்தினார்கள், சம்மதத்தின் வரையறையைத் தொடவில்லை. மறுப்புக்குச் சரியான சொல் எது என்ற எங்கள் ஆர்வம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எந்தச் சொல்லும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

கடைசியாக, நாங்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சொல்: இன்சுமிசோ.

ஸ்பெயினில் 2001 முடிவு வரை ஆண்களுக்குக் கட்டாய இராணுவ சேவை இருந்தது. மறுப்பவர்களுக்கு முதலில் இருந்த பெயர் 'ஒப்ஹெத்தோர் தெ கொன்சியென்சியா', மனச்சாட்சியின்படி ஆட்சேபிப்பவர். பிராங்கோவின் காலத்திலேயே, 1971ல், பெப்பே பெயுன்சா அஹிம்சையின் பேரில் மறுத்துச் சிறை போனார். பிராங்கோ செத்தபின் 1978 அரசியலமைப்பு இந்த ஆட்சேபத்தை அங்கீகரித்தது. 1984ல் சட்டமும் வந்தது. இங்கேதான் விளையாட்டு. ஆட்சேபிக்க விரும்புபவர் ஒரு சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சபை ஏற்றால் ஆயுதம் தூக்காமல் வேறு சமூக வேலை செய்யலாம். மறுப்பதற்கு அனுமதி கேட்க வேண்டும். அரசு அந்த மறுப்பையே 'தெனெகார்' செய்யலாம்!

1989 பெப்ரவரியிலிருந்து இளைஞர்கள் இராணுவ சேவைக்கும் போகமாட்டோம், அதற்குப் பதிலான வேலையும் செய்யமாட்டோம் என்று தாங்களாகவே போய் நின்றார்கள். அவர்கள்தான் இன்சுமிசோக்கள். 'சுமிசோ' என்றால் பணிந்தவர், 'இன்' அதன் எதிர்மறை. ஒளித்து ஓடியவருக்கு 'ப்ரோஃபுகோ' என்றும் படையை விட்டு ஓடியவருக்கு 'தெசெர்த்தோர்' என்றும் பெயர்கள் இருந்தன. இவர்கள் ஓடவில்லை. பகிரங்கமாக, பெயர் சொல்லி, நீதிமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். கட்டாய சேவை முடிவுக்கு வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இயக்கமும் அரசும் ஆள் கேட்டு வீட்டு வாசலில் நின்ற காலத்தைக் கடந்துவந்த ஒரு மொழியில் இதற்கென்று ஒரு சொல் இல்லை. 'துரோகி', 'ஓடினவன்', 'பயந்தவன்' எல்லாம் இருக்கிறது. 'மாட்டன்' என்று வாசலில் நின்று சொன்னவனுக்குப் பெயர்ச்சொல் கிடையாது. எங்களில் ஒருவர் 'பணிய மறுத்தோர்' என்கிறார். மரியாதையாக இருக்கிறது, ஆனால் நீளம். இன்னொருவர் 'கீழ்ப்படியாதோர்' என்றார்; பாடசாலை மணி அடிக்கிறது. எங்கள் தெரிவு 'அடங்காதோர்'. அடங்காதவன் என்பது வீட்டில் ஏச்சு என்று தெரியும். இன்சுமிசோவும் ஏச்சாக இருக்கக்கூடிய சொல்தான், அவர்கள் அதையே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அதோடு, வன்னிக்கு அடங்காப்பற்று என்று பழைய பெயர் ஒன்று உண்டு. ஒரு நிலத்துக்கே இந்தச் சொல்லைப் பெயராக வைத்திருந்த மொழியில், ஸ்பெயினின் சிறைகளுக்குப் போன அந்தப் பெடியளுக்கு அதைக் கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. வேறு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதி அனுப்புங்கள். பிடிக்காவிட்டால் 'பாப்பம்' என்போம்.